வேர் இறங்கும் காலத்தில் இலையை எண்ணாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆன்மிகப் பக்கங்களில் வரும் சாட்சிகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கின்றன. நோய் வந்தது, ஜெபித்தார்கள், நீங்கியது. வேலை போனது, நம்பினார்கள், அதைவிட நல்ல வேலை கிடைத்தது. இவை பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஜெபித்து ஜெபித்து மூன்று வருடமாக எதுவும் மாறாதவரும் அதே பக்கத்தைத்தான் படிக்கிறார். "எனக்கு மட்டும் ஏன்?" என்ற கேள்வி அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. படித்து முடித்ததும் "அப்படியானால் என் விசுவாசத்தில்தான் ஓட்டை" என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. முதல் சுமையை வாழ்க்கை ஏற்றியது. இரண்டாவதை ஏற்றியவர்கள் நாம்.

கஷ்டகாலத்தில் கடவுளை நம்புவது என்றால் மனம் கலங்காமல் இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. அத்திமரம் துளிர்க்காவிட்டாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்ற ஆபகூக் தீர்க்கதரிசியின் அறிக்கையைப் பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டுமந்தை, மாட்டுத்தொழுவம் என்று ஆறு இழப்புகளை அது எண்ணுகிறது. அதற்கு முந்தைய வசனத்தை, அதாவது 3:16-ஐ, யாரும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதில்லை. குடல் குழம்பியது, உதடுகள் துடித்தன என்று அங்கே எழுதியிருக்கிறது. நடுங்கிக்கொண்டிருக்கும் உடம்பிலிருந்து வந்த விசுவாச அறிக்கை அது. அவருடைய புத்தகம் தொடங்குவதே "எதுவரைக்கும் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே" என்ற முறையீட்டில்தான். ஆகவே கை நடுங்குவதை வைத்து ஒருவருடைய விசுவாசத்துக்கு மதிப்பெண் போட முடியாது.

தேதி குறித்துக் கொடுக்கும் ஆறுதல்களைப் பற்றி ஒரு வார்த்தை. எரேமியா 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் பாபிலோனின் நுகம் முறிந்துவிடும் என்று கூட்டத்தின் முன்னால் அறிவிக்கிறார். கேட்கவே இனிப்பான செய்தி. எரேமியா சொன்ன கணக்கு 70 வருடம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில்தான், நாம் விரும்பி மேற்கோள் காட்டும் 29:11 இருக்கிறது. உங்களைக் குறித்த என் நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்ற வசனம். அதற்கு ஆறு வசனம் முன்னால் என்ன இருக்கிறது? வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள். நாற்பது வயதில் அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்டவருக்கு, தான் ஊர் திரும்பப்போவதில்லை என்று அந்த நிமிடமே புரிந்திருக்கும். அப்படியும் தோட்டம் போடச் சொல்கிறார் கடவுள். "இந்த மாதத்துக்குள் விடுதலை" என்று யாராவது உறுதி கொடுத்தால், அது அனனியாவின் குரலா எரேமியாவின் குரலா என்று ஒரு தடவை யோசிப்பது நல்லது. தேதி தவறும்போது ஏமாறுவது தேதியை மட்டும் நம்பியவர் அல்ல. கடவுளையும் அதோடு சேர்த்து நம்பியவர்.

சரி, ஜெபிக்கவே வாய் வராத நாளில் என்னதான் செய்வது? நம் சபைகளில் துதி ஆராதனைக்கு நிறையப் பயிற்சி உண்டு, புலம்பலுக்கு அறவே இல்லை. வேதாகமத்தின் பாடல்களான 150 சங்கீதங்களில் முறையீட்டு வகையைச் சேர்ந்தவையே அதிகம். அவற்றில் ஆறே வசனமுள்ள 13-ஆம் சங்கீதம் கற்றுக்கொள்ள மிகவும் ஏற்றது. முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. மறந்திருக்கிறீர், முகத்தை மறைக்கிறீர் என்ற குற்றச்சாட்டு நேராகக் கடவுளிடமே போகிறது. அடுத்த இரண்டு வசனமும் விண்ணப்பம்: நோக்கிப்பாரும், செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும். கடைசி இரண்டும் நம்பிக்கை. நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் எதிரி ஓடிவிட்டதாக ஒரு சொல்கூட இல்லை. நிலைமை அப்படியே இருக்கிறது. பேசுகிறவரின் முகம் மட்டும் திரும்புகிறது.

இதை அப்படியே ஒரு தாளில் செய்து பார்க்கலாம். பதினைந்து நிமிடம் போதும், அதற்கு மேல் வேண்டாம். மேலே, கடவுளை வழக்கமாக எந்தப் பெயர் சொல்லி அழைப்பீர்களோ அதை எழுதுங்கள். கீழே மூன்று நான்கு வரியில் முறையீடு. "எல்லாமே கஷ்டமாயிருக்கிறது" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அது வேலை செய்யாது. எந்த நாளில் என்ன நடந்தது, எது வலிக்கிறது, யார் மேல் கோபம் என்று குறிப்பாக எழுத வேண்டும். கோபம் கடவுள் மேல் என்றால் அதையும் எழுதலாம். அடுத்து ஒரே ஒரு விண்ணப்பம். பத்து அல்ல, ஒன்று. கடைசியாக, இன்று பொய்யில்லாமல் சொல்லக்கூடிய ஒரே ஒரு நம்பிக்கை வரி. "நீர் நல்லவர்" என்று சொல்ல வரவில்லையென்றால் "உம்மிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதினால் போதும்.

இதில் வழக்கமாகத் தவறுவது இரண்டு இடத்தில். பக்தியுள்ளவர்கள் முறையீட்டை இரண்டு சொல்லில் முடித்துவிட்டு நேராக நம்பிக்கை வரிக்குத் தாவுவார்கள். சொல்லாத வலி உள்ளே அழுகி, இரண்டு நாள் கழித்து வீட்டில் யாரோ ஒருவர் மேல் எரிந்து விழும்போது வெளியே வரும். இன்னொரு சாரார் முறையீட்டிலேயே சுற்றிச் சுற்றி வருவார்கள், எதையும் கேட்க மாட்டார்கள். கேட்டுக் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம்தான் காரணம். விண்ணப்பம் இல்லாத முறையீடு மூன்றாம் நாளே வெறும் கசப்பாகிவிடும். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் செய்த முறுமுறுப்புக்கும் தாவீதின் புலம்பலுக்கும் உள்ள வேறுபாடு சொற்களின் கடுமையில் இல்லை. சொல்லப்போனால் சங்கீதங்களில்தான் கடுமை அதிகம். அவர்கள் கடவுளைப் பற்றிக் கூடாரத்துக்குள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். இவர் கடவுளிடமே பேசினார்.

தாளில் தேதி போட்டு மடித்து வைத்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து எடுத்துப் படியுங்கள். வாராவாரம் எடுத்துப் பார்ப்பது, முளைத்ததா என்று விதையைத் தோண்டிப் பார்ப்பதற்குச் சமம். விதையிலிருந்து முதலில் வெளியே வருவது இலையல்ல, வேர். அந்த வேரின் நுனிக்குச் சற்று மேலே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வெள்ளைப் பஞ்சுபோல வேர்த்தூவிகள் இருக்கும். மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுவது பெரும்பாலும் அவைதான். தோண்டி எடுத்தால் முதலில் அறுவது அவையே. மறுபடி புதைத்தாலும் நாற்று பல நாள் வாடிக் கிடக்கும்.

மாற்கு 4:26 முதல் 29 வரை உள்ள உவமை நான்கு சுவிசேஷங்களில் மாற்கில் மட்டுமே இருக்கிறது. விதைத்தவன் இரவில் தூங்குகிறான், பகலில் எழுந்திருக்கிறான், அவனுக்குத் தெரியாதவிதமாய் விதை வளர்கிறது. முன்பு முளை, பின்பு கதிர், அதன்பின் கதிரிலே நிறைந்த தானியம். விதைத்தவன் தூங்குகிறான் என்பதை இயேசு குறையாகச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கவலையால் தூக்கம் கெட்டுக் கிடப்பவர்கள், முழித்திருந்து கவலைப்படுவதையே ஒரு ஆவிக்குரிய கடமையாக எடுத்துக்கொள்வதைப் பார்க்கிறோம். அது கடமையல்ல.

யோவான் 15:2-இல் கனி கொடுக்கிற கொடியைப் பிதா "சுத்தம்பண்ணுகிறார்" என்று தமிழில் படிக்கிறோம். அந்தச் சொல் மென்மையாக இருப்பதால் கத்தி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. திராட்சை பயிரிடுகிறவர்கள் கவாத்து செய்யும்போது, முந்தைய பருவத்தில் வளர்ந்த கொடியில் பத்தில் எட்டு ஒன்பது பங்கைக்கூட வெட்டித் தள்ளிவிடுவது உண்டு. பழம் தருவது புதிதாக வரும் தளிர்தான். பழைய கொடி எல்லாவற்றையும் விட்டுவைத்தால் சத்து முழுவதும் இலைக்கே போய்விடும். குளிர்காலம் முடியும்போது, வெட்டிய முனைகளிலிருந்து தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக வடியும். பார்த்தால் கொடி அழுது சாகிறது போலத் தோன்றும். உண்மை நேர்மாறு. மண் சூடேறி வேர் விழித்துக்கொண்டு நீரை மேலே தள்ளுகிறது. அதுதான் அப்படி வடிகிறது. துளிர் வெளியே வர இன்னும் நாளிருக்கிறது.

ஆனால் ஒன்று: எல்லா வெட்டும் தோட்டக்காரருடைய வெட்டு அல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியது எல்லாம் ஆபத்தாகிவிடும். அடிக்கிற கணவன், சம்பளம் தராத முதலாளி, ஏமாற்றிய சொந்தக்காரன் ஆகியோர் கொடுக்கும் துன்பத்துக்குக் "கடவுள் உன்னைப் பண்படுத்துகிறார், பொறுத்துக்கொள்" என்று சொல்வது கொடுமைக்குக் கடவுளின் கையெழுத்தை வாங்கிக் கொடுப்பதாகும். 17 வயதில் சகோதரரால் விற்கப்பட்ட யோசேப்பு, எகிப்தின் அரசன் பார்வோன் முன்னால் நின்றபோது வயது 30. பதின்மூன்று வருடம். கடைசியில் சகோதரரிடம் பேசும்போதும் அவர்கள் செய்ததை அவர் மெழுகி மறைக்கவில்லை. நீங்கள் தீமை செய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்கிறார். தீமையைத் தீமை என்றே சொன்னார். சிறையில் இருந்தபோதும், விடுதலையாகப்போகும் அரண்மனைப் பானபாத்திரக்காரனிடம் "என் காரியத்தைப் பார்வோனிடம் சொல்லி என்னை வெளியே எடுத்துவிடு" என்று கேட்டார். அவன் மறந்துபோனான், இன்னும் இரண்டு முழு வருடம் கழிந்தது, அது வேறு கதை. உதவி கேட்பதும், புகார் கொடுப்பதும், அந்த வீட்டை விட்டு வெளியேறுவதும் நம்பிக்கைக் குறைவு ஆகாது.

உடம்பையும் மறக்கக் கூடாது. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றபோது தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்து, எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டு மறுபடி தூங்கினார். இரண்டாம் தடவையும் அதேதான். போகவேண்டிய தூரம் அதிகம் என்ற ஒரு வாக்கியம் மட்டும் கூடுதல். கடிந்துகொள்ளுதல் இல்லை. கடவுளின் மெல்லிய சத்தம் வந்தது அதற்குப் பிறகு, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பின்னர்தான். இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் மனம் இருண்டு கிடக்கிறது, எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே ஒருவரிடம் சொல்லி, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் போய்விடும் என்பவர்களுக்குத் தூதன் கொண்டுவந்த அடையை நினைவுபடுத்துங்கள்.

நோயும் இல்லை, பாவத்தில் ஒளிந்து வாழவும் இல்லை, ஆனாலும் ஜெபம் மணலைச் சவைப்பது போல இருக்கிறது என்றால்? 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த சிலுவை யோவான், தன் சொந்தத் துறவற சபையாராலேயே ஒன்பது மாதம் சிறைவைக்கப்பட்டவர், இதற்கு மூன்று அடையாளம் சொல்லியிருக்கிறார். கடவுள் காரியத்திலும் சுவையில்லை, உலகக் காரியத்திலும் சுவையில்லை என்பது ஒன்று. வெறும் அசட்டைக்காரனாக இருந்தால் உலகமாவது இனித்திருக்கும். கடவுளுக்குச் சரியாக ஊழியம் செய்யவில்லையே என்ற வேதனை விடாமல் அரிப்பது இரண்டாவது. அக்கறை செத்தவனுக்கு அந்த வேதனையே வராது. முன்புபோலக் கற்பனையால் தியானிக்க முயன்றாலும் முடியாமல் போவது மூன்றாவது. மூன்றும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அதை வளர்ச்சியின் வறட்சி என்று கொள்ள வேண்டும் என்கிறார். மனச்சோர்வு நோயையும் இதையும் போட்டுக் குழப்பக் கூடாது என்பதையும் அவர் அப்போதே கவனித்திருக்கிறார். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளியானபோது, அவர் பல பத்தாண்டுகள் இந்த இருட்டிலேயே ஊழியம் செய்தார் என்று தெரிந்து பலர் அதிர்ந்தார்கள். அதிர்ந்தவர்கள் இருளிலேயே முடியும் 88-ஆம் சங்கீதத்தைக் கவனமாகப் படிக்காதவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்ட காலத்துக்கு, இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வைத்த விதி மிகச் சுருக்கம்: வறட்சியில் இருக்கும்போது, அதற்கு முன் தெளிவாக இருந்த நாளில் எடுத்த முடிவை மாற்றாதே. சபையை விடுவது, ஊழியத்தைத் துறப்பது, உறவை முறிப்பது போன்றவற்றை ஒத்திப்போடலாம். (கொடுமையிலிருந்து தப்புவது இந்தக் கணக்கில் சேராது.) ஜெப நேரத்தை ஒரு மணியிலிருந்து பத்து நிமிடமாக்கிக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை விட வேண்டாம். சொந்தமாகச் சொல் வரவில்லையென்றால் அச்சிட்ட ஜெபத்தை வாய்விட்டுப் படிக்கலாம். அது போலித்தனம் ஆகாது. கால் உடைந்தவர் ஊன்றுகோல் பிடிப்பதை யாரும் போலி நடை என்று சொல்வதில்லையே.

வளர்ச்சி நடந்தது எப்படித் தெரியும்? அநேகமாக நமக்குத் தெரியாது, கூட இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். கோபப்பட்டதற்கும் மன்னிப்புக் கேட்டதற்கும் நடுவில் இருந்த இடைவெளி மூன்று நாளிலிருந்து மூன்று மணி நேரமாகக் குறைந்திருக்கும். அடுத்தவர் அழும்போது உடனே வசனம் எடுத்துவிடாமல் பக்கத்தில் உட்கார முடிந்திருக்கும். மடித்து வைத்த அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால் விண்ணப்பத்தின் வாசகம் மாறியிருக்கும். ரோமர் 5-இல் உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்கும் என்று படிக்கிறோம். பரீட்சை என்றதும் கேள்வித்தாளை நினைத்துக்கொள்கிறோம். கிரேக்க மூலத்தில் உள்ள சொல் சோதித்துப் பார்த்துத் தேறிய தன்மையைக் குறிப்பது. நெருப்பில் போட்டு எடுத்தபின் "இது அசல்" என்று தெரிகிறதே, அது. பொறுமை என்ற இடத்தில் உள்ள சொல்லும் சும்மா காத்திருப்பதைச் சொல்லவில்லை. சுமைக்கு அடியில் நகராமல் நிற்பது என்பது அதன் வேர்ப்பொருள்.

கடைசியாக, துக்க வீட்டுக்கும் நோயாளி வீட்டுக்கும் போகிறவர்களுக்கு. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாய் திறந்ததிலிருந்து எல்லாம் தப்பு; முடிவில் கடவுளே அவர்கள் மேல் கோபப்பட்டார். "தாங்க முடியாததைக் கடவுள் கொடுக்க மாட்டார்" என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 10:13-லிருந்து வந்தது என்பார்கள். அந்தப் பகுதி விக்கிரக வணக்கத்துக்கும் வேசித்தனத்துக்கும் இழுக்கும் சோதனையைப் பற்றியது. நோயையோ மரணத்தையோ பற்றியதல்ல. இரண்டுக்கும் "சோதனை" என்ற ஒரே சொல் இருப்பதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். அதே பவுல் அதே சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போகும்படி, எங்கள் பலத்துக்கு மிஞ்சின பாரம் வந்தது என்று சொல்லியிருக்கிறார். போகிறவர்கள் பதினைந்து இருபது நிமிடம் இருந்தால் போதும். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வருவதைவிட, "வியாழக்கிழமை காலை மருத்துவமனைக்கு நான் கூட வருகிறேன்" என்று சொல்லிவிட்டு அதன்படி போவது உதவி. ஆறாவது மாதத்திலும் ஒரு தடவை போங்கள். அப்போதுதான் வேறு யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள். 88-ஆம் சங்கீதத்தில் மற்ற முறையீடுகளில் வரும் நம்பிக்கைத் திருப்பம் இல்லை. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் இருள். நம்பிக்கையாக அதில் இருப்பது தொடக்கத்தில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்ட அந்த ஒரு விளி மட்டும். சங்கீதங்களைத் தொகுத்தவர்கள் அதை ஒதுக்காமல், 87-க்கும் 89-க்கும் நடுவில் இடம் கொடுத்திருக்கிறார்கள். தங்கள் ஆன்மிகப் பக்கத்திலும், இன்னும் பதில் வராத ஒருவருடைய சாட்சியை, முடிவில் எதையும் சேர்க்காமல், அவர் எழுதியபடியே வெளியிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
சபைப் பணியில் உள்ள ஒரு வாசகர்